இடப்பக்கமிருந்து மூன்றாவது விளக்கு: கூரியர் மோடம் பற்றி

போகிக்கு வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து இரண்டு கறுப்புப் பெட்டிகள் இறங்கின. யூ.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் 'கூரியர் வி.எவ்ரிதிங்' மோடங்கள், அதாவது தொலைபேசிக் கம்பி வழியே இரண்டு கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் பெட்டிகள். ஒன்று மில்லில் இருந்தது, மற்றது என் வீட்டில் இருந்தது. 1997 முதல் பதினான்கு வருடம் இரண்டும் இரவு தோறும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தன. பழைய இரும்புக்காரரிடம் போடச் சொன்னாள் மனைவி. நான் தூசி தட்டி மேசைமேல் வைத்தேன். கைப்பேசிகளைப் பற்றி வாங்கிய மறுநாளே மதிப்புரை எழுதுகிறார்கள். பதினான்கு வருடம் உழைத்த பொருளைப் பற்றி எழுத எனக்குக் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஈ.டி.பி. பிரிவில், அதாவது கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு உதவியாளரும், குளிர்சாதனம் வைத்த ஒரு சின்ன அறையும். அறைக்குள் எஸ்.சி.ஓ. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் ஒரு சர்வர். அதிலிருந்து டெர்மினல்கள் (திரையும் விசைப்பலகையும் மட்டும்) நேர அலுவலகத்துக்கும் ஸ்டோருக்கும் பஞ்சுக் கிடங்குக்கும் போயின. மூன்று ஷிப்டின் உற்பத்தி, வருகைப் பதிவு, சம்பளம் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள். சம்பளம் ஏழாம் தேதிக்குள் கைக்குப் போயாக வேண்டும், அது சட்டம். ஆகவே ஐந்தாம் தேதி இரவு சம்பளக் கணக்கு ஓடும். ஓடும்போது நடுவில் எங்காவது நின்றுவிடும். நின்றால் ஆள் வருவார், நான் பைக்கை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூரிலிருந்து இருபத்தைந்து நிமிடம் போய், ஒரே ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுத் திரும்புவேன். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் மோடம் வாங்கினோம்.

முதலில் வாங்கியது இது அல்ல. காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர், கம்ப்யூட்டருக்குள்ளேயே செருகும் ஒரு மலிவு அட்டையைக் காட்டி, இதுவும் மோடம்தான், எதற்குப் பெட்டி பெட்டியாக வாங்குகிறீர்கள் என்றார். கூரியர் ஒன்றின் விலைக்கு அதில் ஐந்தாறு வாங்கலாம். முதலாளியிடம் கணக்குச் சொல்ல வசதியாக இருந்ததால் நானும் தலையாட்டினேன். அந்த அட்டையில் மோடத்தின் மூளை இல்லை, வேலையில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரின் பிராசஸர்தான் செய்ய வேண்டும், அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் உண்டு என்பது சர்வரில் செருகிய பிறகுதான் புரிந்தது. யூனிக்ஸ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சரி, வீட்டுக் கம்ப்யூட்டரிலாவது போடுவோம் என்று கொண்டுவந்தேன். சித்திரை மாதத்து இடி ஒன்று தொலைபேசிக் கம்பி வழியே வந்து அட்டையையும் கொண்டுபோயிற்று, அது செருகியிருந்த போர்டையும் கொண்டுபோயிற்று. வெளி மோடமாக இருந்திருந்தால் போர்டு பிழைத்திருக்க வழி உண்டு. அதற்குப் பிறகு மேகம் இருட்டினால் முதலில் தொலைபேசி வயரைப் பிடுங்கு என்பது எங்கள் வீட்டு விதியாயிற்று. துணி எடுப்பது இரண்டாவது.

பெட்டியைச் சொல்கிறேன். ஒரு தடித்த டைரி அளவு, கறுப்பு பிளாஸ்டிக். முன்பக்கத்தில் வரிசையாகப் பன்னிரண்டு சிவப்பு விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எழுத்தில் பெயர். பத்துக் குட்டிச் சுவிட்சுகள், குண்டூசி முனையால்தான் தள்ள முடியும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளு விசை. பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் முக்கியமான கட்டளைகளும் சுவிட்சுகளின் பொருளும் அச்சடித்திருக்கும். கையேடு தொலைந்தாலும் பெட்டி இருந்தால் போதும் என்று யோசித்தவர் யாரோ, அவர் உண்மையில் இரவில் வேலை பார்த்த மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. தொலைபேசி வயர் ஒன்று, கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டுக்கு ஒரு கேபிள், மின்சாரம். மில் பக்கத்தில் ஐந்தாம் சுவிட்சைத் தள்ளிவிட்டால் மணி அடித்ததும் தானே எடுத்துக்கொள்ளும். எஸ்.சி.ஓ.வில் ஒரு சங்கதி மட்டும் எல்லோரையும் இடறிவிடும். ஒரே போர்ட்டுக்கு இரண்டு பெயர் உண்டு. சின்ன எழுத்து 'ஏ'யில் முடியும் பெயர் சாதாரண டெர்மினலுக்கு, பெரிய எழுத்து 'ஏ'யில் முடிவது மோடத்துக்கு. நான் சின்ன எழுத்தைப் போட்டுவிட்டு, தொடர்பு அறுந்தும் லாகின் அப்படியே திறந்து கிடக்கிறதே என்று ஒரு வாரம் திகைத்தேன். எனக்குப் பின்னால் கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் கடவுச்சொல் இல்லாமல் என் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். நல்லவேளையாக அந்த எண்ணை வேறு யாரும் கூப்பிடவில்லை.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். நாங்கள் வாங்கும்போது இது 33.6 கே மோடம், அதாவது நொடிக்கு 33,600 பிட் வேகம். அடுத்த வருடம் வி.90 என்ற தரம் வந்தது, 56 கே. கூரியரின் நல்ல குணங்களில் ஒன்று, புதுப் பெட்டி வாங்காமல் உள்ளிருக்கும் மென்பொருளை மட்டும் மாற்றி அதை 56 கே ஆக்கிவிடலாம். இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினேன். ஆவலோடு மில்லைக் கூப்பிட்டேன். 26,400. மறுபடியும் கூப்பிட்டேன். 26,400.

56 கே என்பது ஒரு முனை டிஜிட்டலாக இருந்தால் மட்டும் நடக்கும் காரியம். இணைய சேவை தரும் நிறுவனத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்து டிஜிட்டல் இணைப்பு நேராக வந்து இறங்கும், அங்கே ஒலி அலையாக மாற்றும் வேலையே கிடையாது. உங்கள் வீட்டுப் பக்கம் ஒரே ஒரு முறை மாற்றினால் போதும். மில்லிலோ ஒரு சாதாரண தொலைபேசிக் கம்பி, அதன் முனையில் என்னுடையது போலவே ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் அலையாக மாற்றி, எக்ஸ்சேஞ்சில் எண்ணாக மாற்றி, மறுபடியும் அலையாக்கி வருகிற பாதையில் 33,600க்கு மேல் தேறாது. அலுவலகத்துக்கு டயல் செய்யத்தான் மோடம் என்றால், பெட்டிமேல் 56 என்று எழுதியிருப்பதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. எங்களுக்கு நல்ல இரவில் 31,200 வரும். மழை இரவில் 21,600.

அது போதுமா என்றால், எதற்கு என்பதைப் பொறுத்தது. டெர்மினல் திரை ஒன்று 80 எழுத்து, 25 வரி. மொத்தம் 2,000 எழுத்துகள். 9,600 வேகத்திலேயே இரண்டு நொடியில் முழுத் திரையும் வந்துவிடும். 26,400இல் கண்ணிமைக்கும் நேரம். வீட்டில் விண்டோஸோடு வந்த ஹைப்பர்டெர்மினல் என்ற நிரலைத் திறந்து மில்லுக்குள் நுழைந்தால், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. என் அனுபவத்தில் மோடம் வழி வேலைக்கு எழுத்துத் திரையை மிஞ்சியது வேறு எதுவும் இல்லை.

2000இல் மில்லுக்கு விண்டோஸ் என்.டி. சர்வர் வந்தது. அதில் ஆர்.ஏ.எஸ். (ரிமோட் ஆக்ஸஸ் சர்வீஸ்) என்ற வசதி, வெளியிலிருந்து தொலைபேசி வழியே நெட்வொர்க்குக்குள் நுழைவதற்கு. இரண்டாவது சீரியல் கேபிள் போட்டு மோடத்தை அதற்கு மாற்றினோம். இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரும் மில் நெட்வொர்க்கில் ஒரு உறுப்பினர். மில்லின் டிரைவ்கள் என் திரையில் தெரிந்தன. அன்று எனக்கு இருந்த பெருமிதத்துக்கு அளவில்லை. இருப்புக் கணக்கு வைத்திருந்த எக்ஸெல் கோப்பை அங்கேயே இரட்டைக் கிளிக் செய்தேன். இரண்டு எம்பி கோப்பு. மணல் கடிகாரம் சுழன்றது. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. ஒரு எண்ணைத் திருத்திவிட்டுச் சேமித்தேன். முழுக் கோப்பும் திரும்பிப் போகத் தொடங்கியது. திருத்திய எண் நான்கு இலக்கம், அதற்கு இருபத்தைந்து நிமிடம். பைக்கில் மில்லுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். தவறு என்னுடையதுதான். கம்பி நீளமானது என்பதை மறந்து, பக்கத்து அறையில் இருப்பதுபோல் கோப்பைத் திறந்தேன். அதற்குப் பிறகு கோப்புகளை அங்கேயே சுருக்கி, முழுதாக இங்கே இழுத்து, வேலை முடிந்ததும் முழுதாகத் திருப்பி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு ஃபிளாப்பி அளவுள்ள கோப்பு எட்டு நிமிடத்தில் வந்துவிடும், அது நியாயமான நேரம்.

ஆர்.ஏ.எஸ்.ஸில் எனக்கு மிகவும் பிடித்தது திருப்பி அழைக்கும் வசதி. நான் கூப்பிட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் சர்வர் தொடர்பைத் துண்டித்துவிடும். பிறகு, முன்பே பதிந்து வைத்த என் வீட்டு எண்ணுக்கு அதுவே கூப்பிடும். கடவுச்சொல்லைத் திருடியவனும் என் வீட்டில் வந்து உட்கார்ந்தால்தான் உள்ளே நுழைய முடியும். இதில் இன்னொரு இன்பமும் உண்டு. அப்போது உள்ளூர் அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு மீட்டர், அதாவது ஒரு அழைப்புக் கட்டணம். ஒரு மணி நேரம் இணைந்திருந்தால் இருபது மீட்டர். திருப்பி அழைத்தால் அந்த மீட்டர் மில்லின் தலையில் ஓடும். பாதுகாப்புக்காக என்று எழுதி அனுமதி வாங்கினேன், அதுவும் பொய் இல்லை.

வசதியைப் போட்ட முதல் வாரம். இரவு பதினொன்றேகால். சர்வர் என் அழைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டது. மோடம் எடுப்பதற்குள் கூடத்தில் இருந்த தொலைபேசியை அம்மா எடுத்துவிட்டார். கூப்பிடும் மோடம் எதிர்முனை விசில் வரும்வரை பெரும்பாலும் வாயைத் திறக்காது. அம்மா "யாருங்க?" என்றார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. நான் இரண்டாம் முறை முயன்றேன், சர்வர் இரண்டாம் முறை கூப்பிட்டது, அம்மா மறுபடி எடுத்தார், அதே மௌனம். "பேசாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நீ எந்த ஊர்க்காரன்? உன்னைப் பெற்றவள் வீட்டில் இருக்கிறாளா?" என்று விண்டோஸ் என்.டி. சர்வரைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் ஓடிவந்து விளக்கினேன். "மில் மெஷின் எதற்குக் கண்ணு ராத்திரியில் நம் வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும்?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

ஒரே கம்பியில் இரண்டு தொலைபேசி வைத்திருக்கும் வீட்டில் மோடம் வைப்பதன் கஷ்டம் இது. நடுவில் யாராவது எடுத்தால் தொடர்பு தடுமாறும், சில நேரம் அறுந்துபோகும். மழை நாளில் வேகம் இறங்கியதற்குத் தெருக் கம்பியைத்தான் பல மாதம் சந்தேகித்தேன். இந்த மோடத்தில் 'ஏடிஒய்11' என்று ஒரு கட்டளை உண்டு. பேசி முடித்ததும் தட்டினால், 150 ஹெர்ட்ஸ் தொடங்கி 3,750 வரை எந்த அதிர்வெண்ணில் கம்பி எவ்வளவு இழக்கிறது என்று பட்டியல் போடும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்த மாதிரி. ஒரு மழை இரவில் பார்த்தேன், மேல் பக்கத்து எண்கள் சரிந்து கிடந்தன. அம்மாவின் தொலைபேசிக்குப் போகும் கிளைக் கம்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், நிமிர்ந்துகொண்டன. ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் நானே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு பச்சைப் பசேலென்று களிம்பேறிக் கிடந்தது. தெருவையும் வானத்தையும் திட்டியதெல்லாம் வீண்.

இனி விளக்குகளுக்கு வருகிறேன். இந்தப் பெட்டிக்கு அந்த விலை கொடுத்ததை நியாயப்படுத்தியவை அவைதான்.

மில் பக்கத்து மோடம் எப்போதாவது ஒரு நாள் எடுக்காது. மணி அடித்துக்கொண்டே இருக்கும், அல்லது எப்போதும் எங்கேஜ் வரும். இரவில் அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாரும் கிடையாது. கேட்டில் ஒரு பெரியவர் இருந்தார், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். சாவி அவரிடம். கேட்டுக்கு வேறு தொலைபேசி, அதன் வயர் நீளமாக இருந்ததால் அறை வாசல் வரை எடுத்து வருவார். முதல் தடவை, சிடி என்று எழுதிய விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடி கேட்டில் இருக்கிறது என்றார்.

"சரி அண்ணா, இடப்பக்கமிருந்து எண்ணுங்கள். மூன்றாவது எரிகிறதா?"

"எரிகிறது தம்பி. நான்காவதும் எரிகிறது."

"ஏழாவது?"

"ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு அணைந்து கிடக்கிறது."

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? மூன்றாவது விளக்கு மறுமுனையோடு தொடர்பு இருக்கிறது என்பது. நான்காவது, கம்பியை எடுத்து வைத்திருக்கிறது என்பது. ஏழாவது, சர்வர் தயாராக நிற்கிறது என்பது. கூப்பிட்டவன் நான், நானோ இங்கே வேறு பேச்சில் இருக்கிறேன். ஆக மோடம் பழைய அழைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, சர்வரோ போர்ட்டை விட்டுவிட்டது. பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போட்டால் மோடம் கம்பியை விடும், ஆனால் ஏழாவது எரியாவிட்டால் பயனில்லை, நான் நேரில்தான் போக வேண்டும். அன்று போட்டதும் ஏழாவதும் எரிந்தது. ஒரு மாதத்தில் பெரியவர் நான் கேட்கும்முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார். "தம்பி, மூன்று எரிகிறது, ஏழு எரிகிறது, கடைசி கண்ணடிக்கிறது." கடைசி விளக்கு ஏஆர்க்யூ. பிழையாகப் போன துண்டுகளை மறுபடியும் அனுப்பும்போது அது மினுக்கும். அது கண்ணடித்தால் நம்மூரில் எங்கோ மழை என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். உண்மைதான். உள்ளே செருகும் அட்டையில் இந்த உரையாடலே நடந்திருக்காது.

மின்சாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதன் அடாப்டர் தருவது ஏசி. நாம் கடையில் சாதாரணமாக வாங்கும் அடாப்டர்கள் தருவது டிசி. எங்கள் தெருவில் ஒரு நாள் வோல்டேஜ் எகிறி, மின்விசிறி, ரேடியோவோடு மோடத்தின் அடாப்டரும் கருகியது. ஊரெல்லாம் தேடியும் ஏசி அடாப்டர் கிடைக்கவில்லை. கோவையில் இருந்துகொண்டு இதற்கா கவலைப்படுவது என்று மோட்டார் காயில் கட்டும் ஒரு பட்டறைக்குப் போனேன். அவர் பெட்டியின் அடியில் எழுதியிருந்த வோல்ட்டைப் பார்த்தார், எவ்வளவு ஆம்பியர் என்று கேட்டார், மறுநாள் வரச் சொன்னார். முக்கால் கிலோ எடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டிக் கொடுத்தார். பம்ப் செட் ஓட்டப் போதுமானது போல இருந்தது. இன்றுவரை சூடுகூட ஏறவில்லை.

போகிக்கு இறக்கியவற்றைச் சும்மா வைக்க மனம் வரவில்லை. யூஎஸ்பி–சீரியல் மாற்றி இரண்டு வாங்கி, ஒரு மோடத்தைச் சூலூரில் இருக்கும் பழைய உதவியாளர் வீட்டில் வைத்தேன். அங்கே இன்னும் செம்புக் கம்பி. என் வீட்டில் ஃபைபர், அதன் பெட்டியில் தொலைபேசிக்கு ஒரு துளை. அந்தப் பழைய சீறல் சத்தம் வந்தபோது பேத்தி காதைப் பொத்திக்கொண்டாள். 31,200இல் இணைந்தது. அரை நிமிடத்தில் ஏஆர்க்யூ விளக்கு வெறிபிடித்தாற்போல மினுக்கி, பிறகு மூன்றாவது விளக்கு அணைந்தது. மூன்று முறையும் அப்படியே. ஃபைபரில் குரல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலம் தாமதித்தாலோ தொலைந்தாலோ மனிதக் காதுக்குத் தெரியாது, மோடத்துக்குத் தெரிந்துவிடும். 'ஏடி&என்6' என்று தட்டி வேகத்தை 9,600க்குக் கட்டிப்போட்டேன். பதினொரு நிமிடம் நின்றது. உதவியாளர் அந்தப் பக்கமிருந்து "சம்பளம் ஓடிவிட்டதா?" என்று தட்டினார். நான் "ஐந்தாவது ஊழியர் எண்ணில் நிற்கிறது" என்று தட்டினேன்.

இன்று யாருக்கு இது வேண்டியிருக்கும்? வெளியூரில் ஒரு ரௌட்டரை வைத்துவிட்டு, நெட்வொர்க்கே செத்துப்போகும் நாளில் அதன் கன்சோலை (நேராகக் கட்டளை தட்டும் போர்ட்டை) தொட வேறு வழி வேண்டும் என்பவர்களுக்கு. அதற்கும் இப்போது சிம் போடும் பெட்டிகள் வந்துவிட்டன. அந்த இடத்தில் செம்புக் கம்பி உண்மையாகவே இருந்தால் மட்டும் பழைய கூரியரைத் தேடுங்கள். வாங்கும்போது 'ஏடிஐ' தட்டிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். அசல் அடாப்டர் கூட வருகிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். வராவிட்டால் பட்டறைக்காரரின் முகவரியைத் தருகிறேன். என் டிரான்ஸ்பார்மரை மட்டும் கேட்காதீர்கள்.